ஐயரின் நீண்ட ஜெபம்

கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்த சற்று நேரத்திலேயே, பின்வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் போதகர் கிருபாகரனுக்குக் கேட்டது.

அப்புறம் செருப்புச் சத்தம். அப்புறம் குடத்தோடு குடம் இடிபடும் சத்தம்.

எழுந்து போகிறார்கள் என்று நினைத்தார்.

வாரம் முழுக்க இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தார். கோடை தொடங்கியதிலிருந்து ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. இந்த ஞாயிறு காலை குடிநீர் அதிகாரி பார்வையிட வருகிறார். காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்து அவருடைய ஜீப்பை மறிப்பது என்று தெருக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவள் கௌரம்மா. வெள்ளி தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். அவளே ஆலய கேட்டுக்கு வந்துவிட்டாள்.

“ஐயரே, உங்க சனமும் வந்து எங்களோட உக்காந்தா ஜீப்பு தானா நிக்குமுங்க. உங்க ஊட்டுக் கொழாயில மட்டும் காவேரியா கொட்டுது?”

அந்தத் தெருவில் ஐயர் என்றால் போதகர்தான்.

கமிட்டியில் செயலாளர் பொன்னுதுரை மேசையைத் தட்டினார். சபையின் வேலை சுவிசேஷம் சொல்வது, ரோட்டில் உட்காருவது கட்சிக்காரர்கள் வேலை என்றார். வாலிபர் சங்கம் விடவில்லை. தொண்டை வறண்டவனிடம் போய் என்ன பிரசங்கம் செய்வீர்கள் என்று கேட்டது. இரண்டு பக்கமும் கையில் வேத வசனம் வைத்திருந்தது. இரண்டு பக்கமும் ஐயரின் முகத்தைப் பார்த்தது.

ஐயர் சண்டைக்கு ஆகாதவர். ஆராதனை வழக்கம்போல நடக்கும், தெருவுக்காக ஜெபிப்போம் என்று அறிவித்தார். ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

இப்போது சபை உடைகிறது. தன் காதாலேயே கேட்கிறார்.

கண்ணைத் திறந்தால் காலி பெஞ்சுகளைப் பார்க்க வேண்டும். ஆமென் சொன்னால் மிச்சமிருப்பவர்களும் எழுந்துவிடுவார்கள். ஜெபம் முடியாதவரை சபை கலைந்ததாகாது என்று அவருக்குத் தோன்றியது.

ஆகவே ஜெபித்துக்கொண்டே இருந்தார்.

உலக சமாதானம் முடிந்தது. தேசத்தின் தலைவர்கள் முடிந்தார்கள். வியாதியஸ்தர்களும் முடிந்தார்கள். சொல்ல வேறொன்றும் இல்லாமல் ஜெபத்திலேயே தெருவில் இறங்கினார். வீடு வீடாகப் போனார்.

முதல் கிராஸ் தெருவில் கௌரம்மாவின் முழங்கால், ஆண்டவரே. அந்தக் காலோடு மெயின் ரோட்டைத் தாண்டிக் குடம் சுமக்கிறாள். அடுத்த வீட்டுத் தமிழ்ப்ரியா நிறைமாதக்காரி, அவளும் சுமக்கிறாள். சித்தாள் வேலை முடிந்து வருகிற ஜடையனுக்குக் கைச் சிமென்ட்டைக் கழுவ வழியில்லை, விரலெல்லாம் வெடித்திருக்கிறது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, ஆண்டவரே.

இத்தனையும் தனக்குத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தெருவில் போகும்போதெல்லாம் நின்று விசாரித்தது வீண்போகவில்லை.

முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் முணுமுணுப்பும் நின்றது. அவர் தொடர்ந்தால் அதுவும் தொடர்ந்தது. கேலி செய்கிறார்கள் போலிருக்கிறது. பெஞ்சு மறுபடியும் நகர்ந்தது.

இரண்டாம் கிராஸின் கடைசி வீட்டில் அவருக்குக் குரல் கம்மிவிட்டது. வருவது வரட்டும் என்று ஆமென் சொன்னார்.

பதிலுக்கு வந்த ஆமென் கூரையில் முட்டித் திரும்பியது. அதில் பாதிக் குரல்களை அவர் இந்த ஆலயத்துக்குள் கேட்டதே இல்லை.

கண்ணைத் திறந்தார்.

ஒரு பெஞ்சிலும் இடமில்லை. சபையார் ஒருவர் குறையாமல் சுவரோரம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் விட்ட இடமெல்லாம் தெருப் பெண்கள், மடியில் காலிக் குடங்களோடு. வெயிலில் காய்ந்துகொண்டிருந்தவர்களை உள்ளே கூப்பிட்டது பொன்னுதுரையாம். இப்போது அவருக்கு உட்கார இடமில்லை. யாருடையதோ ஒரு குடத்தை அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

முன்வரிசையில், ஜீப்பை விட்டு இறங்கி உள்ளே வந்திருந்த குடிநீர் அதிகாரி, ஷூவைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி. பக்கத்தில் கௌரம்மா. இரண்டாம் கிராஸின் கடைசி வீட்டைக் கன்னடத்தில், தமிழ் தெரியாத அதிகாரியின் காதுக்குள் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏனுங் ஐயரே, அதுக்குள்ள நிறுத்திப்போட்டீங்க? மூணாவது கிராஸ் பூரா பாக்கி கெடக்குதுங்க.”