மூன்றாவது கேமராவில் ஒரு நாற்காலி

மதிய வெயில் திரைச்சீலையின் கிழிசல் வழியே வந்து கீபோர்டின் மேல் ஒரு பொட்டு வைத்திருக்கிறது. எடிட்டர் அம்மாள் அறையில் தனியாகத்தான் இருக்கிறாள். பேச்சுத்துணைக்கு ஸ்பீக்கரில் போட்ட போன். அதில் பேராசிரியர். ஓய்வு பெறும் முன் அவர் நேற்று பேசிய கடைசிச் சொற்பொழிவு, மூன்று கேமராவுக்கு மூன்று கட்டங்களாகத் திரையில் நிற்கிறது: அவர் முகம், கரும்பலகை, கூட்டம்.

"மேடை லைட்டு கண்ணுல அடிச்சுதும்மா, கீழ ஒரு ஆளும் தெரியல. பொண்ணு வரேன்னு சொன்னா. முன்வரிசைல சீட்டு போட்டு வெச்சேன். வந்தாளான்னு பாரேன்."

"அவங்களையே கேக்கலாமே சார்?"

"வரலைன்னு சொல்லிட்டாள்னா?"

"சரி, ஆளு எப்படி இருப்பாங்க?"

"என் நெத்தி அப்படியே. பாவம் அவ."

சிரித்துக்கொண்டே படத்தை ஓட்டுகிறாள். நாற்பதாவது நிமிடத்தில் அவர் நிமிர்ந்து, "என் மகளும் இங்கே இருக்கிறாள்" என்று கை நீட்டுகிறார். பேசுகிறவர் கை காட்டினால் உடனே கூட்டத்தின் படத்துக்கு மாற்ற வேண்டும், தொழிலில் அதுதான் வழக்கம். மூன்றாவது கட்டத்தில் அத்தனை தலைகளும் திரும்பிப் பார்ப்பது ஒரு காலி நாற்காலியை. அதில் ஒட்டிய பெயர்க் காகிதம் ஃபேன் காற்றில் படபடக்கிறது. கைதட்டல் தயங்கித் தயங்கி எழுகிறது. அவள் மாற்றவில்லை. அது ஓயும்வரை, வெளிச்சத்தைப் பார்த்துச் சிரிக்கும் அவர் முகத்தையே விட்டுவைக்கிறாள்.

"இருக்காளாம்மா?"

"இன்னும் பாத்துட்டிருக்கேன் சார்."

"மெதுவா பாரு. எனக்கென்ன வேலை, போன்லயே இருக்கேன்."

அவள் மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறாள். போனில் அவர் வீட்டுக் கடிகாரம் ஓடுவது கேட்கிறது.