பாதி வேகம்

“அறிவிருக்கா யெசித்? புது கம்பைலர்ல உருவாக்கினா இந்த பாஸ்வேர்டு உடைக்கிற புரோகிராம் பாதி வேகத்துலதான் ஓடும். பழசை எதுக்குத் தூக்கினே?” மரிசெல் பொரிந்து தள்ளினாள்.

காணாமல் போன மகனின் லேப்டாப் திறக்காதா என்று தினமும் மெதெயீன் நகருக்கு பஸ் பிடித்து, இவர்கள் அலுவலகத்துக்கு வந்து உட்காரும் நூபியா அம்மா, கையில் அரெபா என்ற சோள ரொட்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“கிடைச்சுதா தம்பி?”

“ஓடிட்டிருக்கும்மா. நீங்க சாப்பிடுங்க.”

மரிசெல் குரலைத் தாழ்த்தினாள். “பாவம்டா. பழசையே போடு.”

“பழசு போன வாரமே திறந்துடுச்சு. சாகப்போறேன்னு சொல்லி அவனே எடுத்த வீடியோ உள்ளே இருக்கு. முதல்லேர்ந்து மறுபடி தேட விட்டிருக்கேன். அதே பாஸ்வேர்டுக்கு இது வந்து சேர்ற வரைக்குமாவது அந்தம்மா சாப்பிடட்டும்.”

மரிசெல் திரையையே வெறித்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்.

“இதைவிட மெதுவா ஓட வைக்கிற கம்பைலர் ஏதாவது இருக்கா?”