எட்டு மாதக் கையுறை

அவளுடைய லாக்கரைக் காலி செய்ய அவள் கணவன் வந்திருந்தான்.

மாற்றுச் சாவி ஸ்டோர்கீப்பரிடம் இருந்தது. அந்த முலாம் பட்டறையில் எல்லாச் சாவியும் அவரிடம்தான். முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பூட்டு' என்பார்கள். காதில் விழும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

ஆளில்லாத இடத்தில் விசிறி சுற்றினால் அவருக்கு வயிறு எரியும். இருபது வருடத்தில் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. முதலாளிகூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார் என்று யாரோ ஒருமுறை சொன்னார்கள். அந்தச் சொல்லில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

அமிலத் தொட்டியில் ரப்பர் கையுறை இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். அந்தத் தொட்டியில் நின்ற அவள் மட்டும் போன வருடம் எட்டு மாதம் தொடர்ந்து புது ஜோடி கேட்டு ஸ்டோர் ஜன்னலுக்கு வரவில்லை.

அந்த வருடக் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரையும் கைதட்ட வைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து அவள் பெயர் 'எட்டு மாசம்'. பிரசவம் எப்போது என்று கேலி வேறு. அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அதன்பிறகு கிழிந்த கையுறையோடு யார் வந்து நின்றாலும் அவரிடம் ஒரே பதில். அவளால் முடிகிறது, உனக்கென்ன கேடு?

போன செவ்வாய்க்கிழமை அவள் கையுறையில் விரல் நுனிகள் கிழிந்திருந்தன. உள்ளே இறங்கிய அமிலம் உடனே எரிக்கவில்லை. எரிந்தபோது நேரம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வலது கையின் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அவள் புதிது கேட்கவே இல்லை என்று ஸ்டோர்கீப்பர் விசாரணையில் சொன்னார். பொய்யில்லை. அன்று மதியச் சாப்பாடு வழக்கம்போல இறங்கியது.

லாக்கர் திறந்தது. ஒரு சீப்பு, மாற்றுத்துணி. அதற்கடியில் கையுறைகள். ஏழெட்டு ஜோடி இருக்கும், எல்லாம் விரல் நுனி கிழிந்தவை.

ஒன்றை எடுத்து மணிக்கட்டுப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஸ்டோர் முத்திரை இல்லை. அடுத்ததிலும் இல்லை.

கணவன் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டே சொன்னான்.

"கடையில வாங்கிப்பாண்ணே. இந்த வாட்டி பாப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு, வாங்க முடியல. ஸ்டோர்ல கேளேன்னேன். அத்தனை பேர் முன்னாடி உங்க வாயால நல்ல பேரு வாங்கிட்டாளாம், இப்பப் போய் எப்படிக் கேக்குறதுன்னுட்டா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். போய் வருகிறேன் என்று தலையசைத்துவிட்டுப் போனான்.

ஸ்டோர்கீப்பர் புதுக் கையுறைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கத் தொட்டிகளிடம் போனார். அவளுடைய இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள், வேலைக்குச் சேர்ந்து நாலே நாள்.

அவர் ஒரு ஜோடியை நீட்டியதும் அவள் பழைய கையுறை மாட்டியிருந்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வேணாம்ணே, அந்தக்கா விட்டுட்டுப் போனதே எனக்கு இன்னும் ஓடும்."

சொல்லிவிட்டு, அவர் முகத்தையே பார்த்து நின்றாள்.