மாதம் ஒரு சண்டை

"இது குழம்பா, குளத்துத் தண்ணியா?"

கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள் ஞானம்மா. மருமகள் ரூத் வாயைத் திறப்பதற்குள் கொடியில் கிடந்த இரண்டு புடவைகள் பைக்குள் போய்விட்டன.

"இந்த வூட்ல மனுசி இருப்பாளா? நான் மணிமங்கலத்துக்கு எம் பொண்ணு வூட்டுக்குப் போறேன்!"

ஸ்ரீபெரும்புதூரில் அந்த வரிசையில் எட்டுக் குடித்தனம். வீடு என்றால் ஒரே ஒரு அறை. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை. ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் எட்டு வீட்டுக்கும் கேட்கும். இந்தச் சண்டை கேட்காமலா இருக்கும்?

எட்டு மாதமாக, மாதம் தவறாமல் நடக்கிற கூத்து இது. போன மாதம் குழம்பில் புளி அதிகம். அதற்கு முந்தின மாதம் புளியே இல்லை. ஐந்தாறு நாள் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி முருங்கைக் கீரையோடு வந்து இறங்குவாள்.

ஒரு தடவை மகன் அருள்நாதனுக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் போட்டிருந்தார்கள். அன்று பார்த்து ஞானம்மா மார்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். பயந்துபோய் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாக நாலு நாள் லீவு வாங்கிவந்தான்.

"லீவு குடுத்துட்டானா? இப்பத் தேவலடா" என்று எழுந்து உட்கார்ந்தவள், காபி ஆறிப்போச்சு என்று ரூத்தோடு ஒரு பாட்டம் கத்திவிட்டு மணிமங்கலம் பஸ் ஏறிவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவால் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

"ரூத்து, நீ வெகுளிடி. மாசாமாசம் அங்க போறது பொண்ணப் பாக்கறதுக்கா? புள்ளைக்கு வேற பொண்ணு பாக்க. கண்ணாலமாகி நாலு வருசம் ஆச்சு, உன் வவுத்துல ஒரு புழு பூச்சி இல்ல. சும்மா வுடுவாங்களா?"

அன்றிலிருந்து ரூத்துக்குச் சோறு இறங்கவில்லை. எப்போது பிறந்த வீட்டுக்குப் போகச் சொல்வார்களோ என்ற பயம்.

அடுத்த மாதம் சண்டை வரவில்லை.

ரூத் குழம்பில் உப்புப் போட மறந்தாள். ஞானம்மா தானே எழுந்து போட்டுக்கொண்டாள். சோறு அடிப்பிடித்தது. "பரவால்ல, தீஞ்ச சோறும் ஒரு ருசிதான்" என்றாள். அத்தோடு விட்டாளா? "நீ படும்மா, நான் பாத்துக்கறேன்" என்று வேறு சொல்லிவிட்டாள்.

ஷிப்ட் முடிந்து வந்த அருள்நாதனிடம் போய் ரூத் அழுதாள்.

"உங்கம்மா என்னை அனுப்ப முடிவு பண்ணிட்டாங்க. இந்த மாசம் சண்டையே போடலைங்க!"

"மாமியார் சண்டை போடலன்னு அழுவற மொத ஆளு நீதான்" என்று அவன் அருகில் வந்தான். சட்டையில் இருந்த மெஷின் ஆயில் வாடை மூக்கில் ஏற, ரூத் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

மறுநாள் லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

"நாப்பத்திரெண்டு நாள் ஆயிருக்கு. ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"ரெண்டு வாட்டி இப்டித் தள்ளிப்போயி ஏமாந்துட்டேன் டாக்டர். அதான் வாயத் தொறக்கல."

"வாடை ஆகல, மாரு வலிக்குது, பகல்லயே தூக்கம் வருது. டெஸ்ட்டும் அதையேதான் சொல்லுது. நீ அம்மா ஆகப்போற!" டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். "அப்ப, போன வருஷம், தொண்ணூறு டிசம்பர்ல நான் சொல்லியனுப்பின நாள் கணக்கு பலிச்சிடுச்சு."

"இன்னா கணக்கு டாக்டர்?"

"சரியாப் போச்சு! உனக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒருதடவை விலக்காகுது. அந்த மொத நாள்லேர்ந்து எண்ணினா, பத்துலேர்ந்து பதினாறு வரைக்கும்தான் கரு தங்கற நாள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு படும், அதுவும் ஒரு அடையாளம். அந்த நாள்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தவறாம சேர்ந்து இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

ரூத் விழித்தாள். அன்று வெட்கத்தில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் எத்தனை கல் பதித்திருந்தார்கள் என்று கேட்டால் சொல்லுவாள். மற்றது எதுவும் காதில் ஏறவில்லை.

டாக்டர் சிரித்தார். "நீ எங்க கேட்ட? உன் மாமியார்தான் 'இன்னொருவாட்டி சொல்லுங்கம்மா'ன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டே போனாங்க."

வழியெல்லாம் அருள்நாதனும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். புளி அதிகமான மாதம். புளி இல்லாத மாதம். நெஞ்சு வலித்த மாதம்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஞானம்மா நிமிர்ந்தாள்.

"டாக்டரம்மா இப்பத்தான் சொன்னாங்களா? தாளிக்கறப்ப மூக்கப் புடிச்சிக்கினு ஓடினா பாரு, அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அத்த..." என்று ரூத் அவள் தோளில் சாய்ந்து விம்மினாள்.

அருள்நாதன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏம்மா, இந்த வரிசையே உன்னக் கரிச்சுக் கொட்டிச்சே. எங்ககிட்ட நேரா ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?"

மகன் முகத்தைப் பார்க்காமல் மறுபடி கீரைக்கட்டை எடுத்துக்கொண்டாள் ஞானம்மா.

"போடா. பெத்த புள்ளகிட்ட அத எந்த வாயால சொல்றது? சண்டக்காரின்னு பேரு வாங்கறது அத வுட சுலபமா இருந்திச்சு."