ஐல்சாவை உடைத்தவர்

"யாரு டெஸ் இந்த ஆளு? பேரும் இல்ல, ஊரும் இல்ல. நாலு பக்கம் எழுதி இணையத்துல போட்டு நம்ம கம்பெனி மானத்தை வாங்கிட்டுப் போயிட்டான்," என்றான் நைஜல்.

மேலாளர் நைஜலின் மேசைக்கு எதிரே டெஸ்மண்டும் கெரினும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, தென்கோடி ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத்து மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது.

"யாரா இருந்தா என்ன? எழுதியிருக்கிறது சரி. ஐல்சா உடைஞ்சுபோச்சு," என்றார் டெஸ்மண்ட்.

ஐல்சா ஒரு பூட்டு. கணக்கை வைத்துச் செய்த, கண்ணுக்குத் தெரியாத பூட்டு. இதய நோயாளியின் நெஞ்சுக்குள் வைக்கும் கருவியும் மருத்துவமனையும் பேசிக்கொள்வதை யாரும் ஒட்டுக்கேட்காமல், நடுவில் புகுந்து மாற்றாமல் காப்பது அதன் வேலை. செப்டம்பரில் கருவிகளுக்குள் ஏற வேண்டியது. டெஸ்மண்ட் வருடக்கணக்கில் மண்டையைக் குடைந்து செய்தது. போன கிறிஸ்துமஸ் சமயத்தில் மனைவி இறந்த பிறகு அவள் பெயரையே அதற்கு வைத்தார்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஒருவர் பூட்டுச் செய்தால், இன்னொருவர் திருடன் மாதிரி உட்கார்ந்து அதை உடைக்கப் பார்க்க வேண்டும். 'என்னால் முடியவில்லை' என்று திருடன் கையெழுத்துப் போட்டால்தான் பூட்டு வெளியே போகும். ஐல்சாவுக்குத் திருட்டு வேலை பார்த்தவள் கெரின். கையெழுத்தும் போட்டாள்.

"கெரின், உங்களை நான் குறை சொல்லல," என்றான் நைஜல். "உங்களால முடியாதது எவனோ ஒருத்தனால முடிஞ்சிருக்கு. அதுக்கு என்ன பண்றது? ஆனா டெஸ், செஞ்சவர் பதில் சொல்லித்தானே ஆகணும்?"

"சொல்றேன். தப்பு என்னோடது. யாரையும் கை காட்டப் போறதில்ல."

டெஸ்மண்ட் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நைஜல் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

 கெரின் போட்டது பொய்க் கையெழுத்து. மார்ச் மாதமே அவள் ஐல்சாவை உடைத்துவிட்டாள். அதே இடத்தில், அதே வழியாக. சொல்லத்தான் போனாள். டெஸ்மண்ட் செத்துப்போன மனைவியின் மூக்குக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். வாய் வரவில்லை. நாளை சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் கையெழுத்துப் போட வேண்டிய கெடுவே வந்துவிட்டது. செப்டம்பருக்குள் எப்படியும் சொல்லிவிடுவோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள், நேற்று எவனோ முந்திக்கொண்டதும் நிலைகுலைந்து போனாள்.

டெஸ்மண்டின் சாமான்கள் ஒரே அட்டைப்பெட்டியில் அடங்கின. கெரின் அதைத் தூக்கிக்கொண்டு கார் நிற்கும் இடம் வரை கூடவே நடந்தாள். காற்று எலும்பு வரை குளிர்ந்தது.

"வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவ, டெஸ்?"

"ரோஜாச் செடியெல்லாம் கன்னாபின்னான்னு வளர்ந்து கிடக்கு. வெட்டி விடணும். அதெல்லாம் அவ பாத்துக்கிட்டிருந்தா, எனக்கு எங்க வெட்டணும்னுகூடத் தெரியாது."

கெரினுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கோபப்பட்டாள்.

"அந்த ஆளைச் சொல்லணும். உன்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊர் முன்னால எழுதிப் போட்டு ஒரு மனுஷனை இப்படியா கவுக்கிறது? நாகரிகம் தெரியாதவன்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தன்மேலேயே விழுவது அவளுக்கு உறைத்தது. தனியாகச் சொல்லியிருக்க வேண்டியவள் அவள்தானே. பெட்டியைக் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ கொஞ்சம் இரு. நான் மேல போய் நைஜல்கிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டு வரேன்."

"வேண்டாம், கெரின்."

"என்ன விஷயம்னு தெரியாம நீ பாட்டுக்கு வேண்டாங்கிற."

"தெரியும். மார்ச்லயே நீ உடைச்சுட்ட."

கெரின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை வருஷமா உன்னைப் பாக்கறேன்," என்றார் டெஸ்மண்ட். "பூட்டு உடையலைன்னா நீ எரிஞ்சு எரிஞ்சு விழுவ. கதவை அறைவ. பூட்டுச் செஞ்சவனோட பரம்பரையையே திட்டுவ. இந்தத் தடவையும் ரெண்டு வாரம் திட்டின. அப்புறம் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, சாப்டியா டெஸ், தூங்கினியான்னு கேட்டு, கேக் வேற வச்சுட்டுப் போன. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. எங்கயோ ஓட்டை இருக்குன்னு நானே உக்காந்து தேடினேன். கிடைக்க இந்த ஜூன் வரைக்கும் ஆயிடுச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? நீயே நைஜல்கிட்ட சொல்லியிருந்தா இவ்வளவு அசிங்கம் வந்திருக்காதே."

"சொன்னா, அப்ப கெரின் என்னத்தைப் பாத்தான்னு உன் கணினியைத் திறந்து பாப்பாங்க. பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சா உனக்கு இந்தத் தொழில்ல எந்த ஊர்லயும் வேலை கிடையாது."

டெஸ்மண்ட் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

"அதுக்காக அதை நோயாளி நெஞ்சுக்குள்ள ஏற விட்டுட்டு சும்மா இருக்க முடியுமா? அதான் வெளியாள் மாதிரி பேர் போடாம நாலு பக்கம் எழுதினேன், நீ சொன்ன நாகரிகம் தெரியாதவன்."