சிவப்பு மை தொடாத வாத்தியார்

"சின்ன ஊசி பத்தலை சார். பெரிசா ஒண்ணு தேடிப் பிடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு" என்று மூச்சு வாங்க வந்தாள் நர்ஸ்.

"மெதுவாப் போடும்மா" என்று கையை நீட்டினார், முழங்கால் வலிக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கணக்கு வாத்தியார்.

மருந்து முழுதும் உள்ளே இறங்கிய பிறகுதான் அவள் கேட்டாள்.

"என்னை அடையாளம் தெரியலையா சார்? உங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சு. கணக்குன்னாலே எனக்குக் காய்ச்சல் வரும்."

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. பிள்ளைகளின் பயத்தைப் போக்குவதற்காக முப்பது வருஷம் சிவப்பு மையைத் தொடாதவர் அவர். 'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. பிள்ளைகளுக்குத் தைரியம் ஊட்டுவது எப்படி என்று மற்ற வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"நான் என்ன விடை சொன்னாலும், 'அருமையா யோசிச்சே, உட்காரு'ன்னுதான் சொல்வீங்க. அந்தத் தைரியம்தான் சார், இன்னிக்கு எந்தக் கணக்கையும் ரெண்டாம் தடவை சரிபார்க்கிறதே இல்லை!"

வாத்தியார் பக்கத்துக் கட்டில்காரரைப் பெருமையாகப் பார்த்தார். "கேட்டுக்குங்க, நம்ம வளர்ப்பு! சொல்லும்மா, இந்த மருந்துக்கு எப்படிக் கணக்குப் போட்டே?"

"உங்க எடை அறுபது கிலோ. கிலோவுக்குப் புள்ளி பூஜ்யம் ஒண்ணு மில்லி. ஆக மொத்தம் ஆறு மில்லி."

வாத்தியார் மனசுக்குள் பெருக்கினார். புள்ளி ஆறு வந்தது. மறுபடி பெருக்கினார். அப்போதும் ஆறில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது.

முப்பது வருஷமாகச் சொல்லாத சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு மரத்துப் போயிருந்தது.

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா, இப்பவும் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலை எங்க சார்!"