பெஞ்சில் இரண்டு குரல்கள்

“தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டுங்க, லாம்பெர்ட். காட்டாம உள்ள விட முடியாது.”

வாசலை மறித்து நின்றான் எகோன். ஸ்டெயர் நகரத்துப் பாட்டுக் குழுவின் பொருளாளர் அவன். கொரோனா ஊசி போட்டவர்களுக்கு மட்டும்தான் இனி ஒத்திகையில் இடம் என்று குழு முடிவெடுத்த பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை அது.

“என் சட்டைப் பையைத் துழாவற வேலை உனக்கு எதுக்கு, எகோன்? நான் காட்டறதா இல்ல.”

“இந்த வயசுல இவ்வளவு வீம்பா? கிறிஸ்துமஸ் கச்சேரில உங்க தனிப்பாட்டு இருக்கு. அதை வேற ஆளுக்குக் கொடுக்க வேண்டி வரும்.”

“கொடுத்துக்கோ.”

லாம்பெர்ட் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டடத்துக்கு வெளியே கிடந்த பெஞ்சுக்கு வந்தார். அங்கே ரோஸ்விதா உட்கார்ந்திருந்தாள். சற்று முன்புதான், லாம்பெர்ட்டின் கண்ணெதிரே, எகோன் அவளையும் திருப்பி அனுப்பியிருந்தான். வீட்டுக்குப் போகவும் மனம் வராமல், உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். கணவன் இறந்த பிறகு, பேக்கரி வேலை போக, அவளுக்கென்று மிச்சமிருந்தது இந்தப் பாட்டு ஒன்றுதான்.

“கொஞ்சம் நகர்ந்துக்கோம்மா. எனக்கும் இனிமே இங்கதான் இடம்,” என்றார் லாம்பெர்ட்.

காற்றோட்டத்துக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பாட்டு தொடங்கியதும் லாம்பெர்ட் பெஞ்சிலிருந்தே தன் கனத்த குரலில் சேர்ந்துகொண்டார். முழங்கையால் அவளை லேசாக இடித்தார். அவளும் பாடினாள்.

அடுத்தடுத்த செவ்வாய்களிலும் அப்படியேதான். உள்ளே போகிறவர்கள், “என்ன, மழையிலயும் கச்சேரி உண்டா?” என்று கிண்டலடித்துவிட்டுப் போனார்கள். “வீம்புல ரெண்டும் ஒண்ணு. கோவேறு கழுதைக்கு நாலு கால், இவருக்கு ரெண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்,” என்று எகோன் ஒருநாள் சொன்னபோது லாம்பெர்ட்டே சிரித்துவிட்டார்.

ரோஸ்விதா பேக்கரியிலிருந்து கசகசா ரொட்டியும் பிளாஸ்கில் தேநீரும் கொண்டுவர ஆரம்பித்தாள்.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல,” என்றாள் ஒருநாள். “கடைக்கு வர்றவங்க என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்கறாங்க. எந்தக் கூட்டத்துல சேர்ந்தே, எவன் பேச்சைக் கேட்டேன்னு குடையறாங்க. நீங்க மட்டும்தான் ஏன்னே கேட்கல.”

“சொல்லணும்னு தோணினா நீயே சொல்லுவ. ரொட்டி ஆறிடும், சாப்பிடு.”

அன்றைக்கு அவள் சொன்னாள். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது டாக்டர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டார். அவர் பெட்டியை மூடுவதற்குள் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. அப்புறம் அம்மா எழுந்திருக்கவே இல்லை.

“அரசாங்கத்து மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, லாம்பெர்ட். அந்த ஊசியைப் பார்த்தாலே எங்கம்மா முகம் வந்துடுது. இதை எகோன்கிட்ட எப்படிச் சொல்றது?”

லாம்பெர்ட் தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டார்.

நவம்பர் வந்தது. ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி பெஞ்சையே மறைத்தது. ஒரு செவ்வாயன்று பாட்டின் நடுவில் லாம்பெர்ட்டுக்கு இருமல் வந்தது. விட்டு விட்டு இருமிக்கொண்டே இருந்தார். ரோஸ்விதா பாடுவதை விட்டுவிட்டு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“நீங்க போய் ஊசி போட்டுக்கங்க,” என்றாள் திடீரென்று.

“யாரு, நீயா சொல்றே?”

“நான்தான் சொல்றேன். எழுபது தாண்டியாச்சு. அந்த நோய் வந்தா உங்க உடம்பு தாங்காது. இருக்கறது நீங்க ஒருத்தர்தான், உங்களையும் பறிகொடுக்க என்னால முடியாது. தனியா போக இஷ்டமில்லேன்னா நானும் வர்றேன். முதல்ல நான் போட்டுக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலேன்னு பார்த்துட்டு நீங்க போட்டுக்கங்க.”

லாம்பெர்ட்டின் கண் கலங்கியது குளிராலா, இருமலாலா என்று தெரியவில்லை.

“நீ போட்டுக்கறதா இருந்தா, நிச்சயமா உன்கூட வர்றேன்,” என்றார்.

சனிக்கிழமை இருவரும் தடுப்பூசி முகாம் நடந்த நகராட்சி விளையாட்டு அரங்கத்துக்குப் போனார்கள். டாக்டர் ரோஸ்விதாவின் அம்மா கதையைப் பொறுமையாகக் கேட்டார். இந்த மருந்தில் பென்சிலின் கிடையாது என்று விளக்கினார். படுக்க வைத்தே போடலாம், பக்கத்திலேயே இருக்கிறேன் என்றார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். லாம்பெர்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் பாட்டை மெதுவாக முணுமுணுத்தார்.

ஊசி போட்டாயிற்று. நேரம் போனது. மூச்சு சீராக வந்தது. டாக்டர் புன்னகையோடு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

ரோஸ்விதா எழுந்து உட்கார்ந்தாள். அம்மா இறந்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் ஒன்று கரைந்தது போலிருந்தது.

“உங்களால்தான் லாம்பெர்ட். இதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ம், இப்ப உங்க முறை. கோட்டைக் கழற்றுங்க.”

லாம்பெர்ட் எங்கோ பார்த்தபடி காதைச் சொறிந்தார்.

தட்டை எடுத்துக்கொண்டு வந்த நர்ஸ் சிரித்தாள். “இவருக்கு இன்னிக்கு எதுக்கும்மா? ஊசி ஊருக்கு வந்த முதல் நாளே, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி வந்து நின்ன மனுஷன் இவர். மூணாவது ஊசியையே போன வாரம் நான்தானே போட்டுவிட்டேன்.”